கேன்டீனில் செத்துப்போகச் சொன்ன கதை

களைத்துப்போன மனுஷி மேடை ஏறக்கூடாது. இதை நான் கற்றுக்கொண்டது தொண்ணூறுகளில், ஓசூரில், என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையின் கேன்டீனில்.

அப்போது நான் பெங்களூரில் ஆராய்ச்சி மாணவி. தினமும் பஸ்ஸில் நின்றபடி போய், நின்றபடியே திரும்புவேன். உடம்பிலுள்ள செல்கள் எப்போது சாகவேண்டும் என்று தீர்மானிக்கும் புரதங்களைப் பற்றித்தான் ஆராய்ச்சி. (வீட்டில் அரிசி தீர்ந்தது மட்டும் தெரியாது.)

தொழிற்சாலையில் சுகாதார வாரம். புற்றுநோய் பற்றிப் பேச ஆள் கிடைக்காமல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஆட்குறைப்புக்காக விருப்ப ஓய்வு நோட்டீஸை அன்று காலைதான் அங்கே ஒட்டியிருந்தார்கள். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகப் போய் மைக்கைப் பிடித்தேன்.

“தேவையில்லாத செல்லுக்கு ஒரு உத்தரவு வரும். அது தகராறு பண்ணாமல் தானாகச் செத்துப்போகும். அதனால்தான் உடம்பு நன்றாக இருக்கிறது.”

கேன்டீனே அடங்கியது. ரசிக்கிறார்கள் என்று நினைத்தேன். பின்வரிசையிலிருந்து கணவர் போதும் போதும் என்று கையாட்டினார். மைக்கைத் தாழ்த்தச் சொல்கிறார் என்று தாழ்த்தினேன்.

யூனியன் செயலாளர் முனியப்பா எழுந்தார்.

“ஏம்மா, அந்தச் செல்லுக்கு எத்தினி வருசம் சர்வீஸ்?”

“சிலதுக்குச் சில நாள்தாங்க.”

“போவமாட்டேன்னு சொன்னா?”

“அதுதாங்க புற்றுநோய்.”

“சாவாதேன்னு புடிச்சு வெக்க யாருமே இல்லியா?”

நல்ல கேள்வி! எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. “இருக்குங்க. காப்பாத்துற புரதம் ஒண்ணு இருக்கு.”

“அப்ப அது யூனியன் மாதிரி.”

“அதேதாங்க! ஆனா அது அளவுக்கு மீறினா ஆபத்து. அதை முடக்கத்தான் மருந்து தேடறோம்.”

எல்லாரும் எழுந்ததில் பெஞ்சுகள் எல்லாம் ஒன்றாக நகர்ந்தன. மேனேஜர் மட்டும் கைதட்டினார். என் கதை முடிந்தது அந்தக் கைதட்டலில்தான்.

அதன்பின் இரண்டு வாரம் கணவர் கேன்டீனில் தனியாகச் சாப்பிட்டார். “மேனேஜர் எழுதிக் குடுத்ததை உன் சம்சாரம் படிச்சுட்டுப் போயிடுச்சுங்கறாங்க” என்றார். கோபப்படக்கூட இல்லை, சோர்ந்துபோயிருந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யூனியன் ஆபீசுக்கு நானே போனேன். நோட்டீஸ் விஷயம் தெரியாது என்றேன். விட்டுப்போனதையும் சொன்னேன்: “அந்தப் புரதம் குறைஞ்சாலும் ஆபத்துங்க. சாகக்கூடாத மூளைச் செல்லெல்லாம் செத்துப்போகும். அதைக் காப்பாத்தவும் மருந்து தேடறாங்க.”

“அதை மொதல்ல சொல்லியிருக்கலாமேம்மா” என்று முனியப்பா டீ வரவழைத்தார்.

மறுநாள் முனியப்பாவே டிபன் பாக்ஸோடு கணவரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாராம்.

பல வருஷம் கழித்து எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், “அம்மா என்ன படிச்சிருக்காங்க?” என்று கேட்டார்கள். கணவர் முந்திக்கொண்டார்: “ஒரு ஃபேக்டரியையே, தகராறு பண்ணாம செத்துப்போங்கன்னு சொல்ற அளவுக்குப் படிச்சிருக்காங்க.”

வந்தவர்கள் காபி டம்ளரைக் கீழே வைத்தார்கள். புரதத்திலிருந்து தொடங்கி விளக்க எனக்குத் தெம்பில்லை. முறுக்குத் தட்டை நகர்த்தி வைத்தேன். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இப்போது சம்பந்தி வீட்டிலும் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்கள்.