ஒன்றாம் நம்பர் காற்று

நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனித குலம் சாதித்த பெரிய காரியம், எங்கள் சட்டைக் கம்பெனியின் இஸ்திரி அறையில் ஒரு மின்விசிறிக்கு ஸ்பீடு சுவிட்ச் மாற்றியதுதான். நெருப்பைப் பற்றிப் பேச எங்களுக்கு உரிமை உண்டு. அதற்குள்தான் வேலை. வரிசையாக இஸ்திரிப் பெட்டிகள், மேலே தகரக் கூரை, ஒரே ஒரு ஜன்னல். அதையும் தூசி வருகிறதென்று ஆணியடித்துவிட்டார்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். எங்கள் அறையில் காற்றே கிடையாது. ஆகவே நிர்வாகத்தை யாரும் தூற்றியதும் கிடையாது.

மின்விசிறி கம்பெனியுடையதல்ல, சித்தியுடையது. அறையில் எல்லோருக்கும் அவள் சித்தி. எனக்கு மட்டும் நிஜமாகவே அம்மாவின் தங்கை. ஒருநாள் கையில் சூடான பெட்டியோடு மயங்கி விழுந்தாள். "இன்னொரு தடவை விழுந்தா வேலைக்கு வர வேண்டாம்" என்று மேனேஜர் பெருங்கருணையோடு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். மறுநாள் சித்தி தன் வீட்டு டேபிள் ஃபேனைப் பிள்ளை மாதிரி இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அதன் சுவிட்ச் கெட்டிருந்தது. எந்த நம்பரில் வைத்தாலும் இறக்கை கொட்டாவி விட்டபடிதான் சுற்றும்.

"புது சுவிட்ச் வாங்கி நானே மாத்திடறேங்க" என்றேன்.

மேனேஜர் பதறினார். "யோவ், ஃபேன் உங்களுது. கரண்ட் யாருது?"

"கம்பெனியோடதுங்க."

"அப்ப ஸ்பீடும் கம்பெனியோடதுதான். அதிகாரம் உள்ள கைதான் அதுல படணும்."

'காற்றோட்டச் சீரமைப்பு ஆலோசனைக் கூட்டம்' ஏசி அறையில் கூடியது. புழுக்கத்தில் உட்கார்ந்துகொண்டு காற்றைப் பற்றி யோசிக்க முடியுமா? அதிகாரம் உள்ள கை மேனேஜரின் மச்சானுக்கு இருப்பதாக ஒருமனதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கூடவே, மின்சாரச் சிக்கனத்தை முன்னிட்டு ஒன்றாம் நம்பரில் மட்டுமே ஓட்ட வேண்டும் என்றும் தீர்மானம்.

"ஒண்ணு பத்துமாங்கய்யா?" என்று சித்தி கேட்டாள்.

"நீ காத்து வாங்க வந்தியா, வேலை பாக்க வந்தியா?"

மச்சான் வந்தார். ஃபேனின் அடிப்பாகத்தைத் திறந்தார். எல்லா வயர்களையும் ஒரே இழுப்பில் பிடுங்கிவிட்டுக் கேட்டார்: "எந்த வயர் எங்க இருந்துச்சு?"

"நீங்கதானே அண்ணே கழட்டுனீங்க?"

"கழட்டறது என் வேலை. பாத்து வச்சிருக்கிறது உங்க வேலை. எதுக்குமே ஒத்துழைப்பு இல்லையே!"

புது சுவிட்சை வைத்து, வயர்களைத் தோன்றியபடி கொடுத்துப் பூட்டினார், கை கழுவினார், போனார். ஒன்றில் வைத்தோம். ஃபேன் உறுமியது. மடித்து வைத்த சட்டைகள் கையை ஆட்டின. மூன்றில் வைத்துப் பார்த்தோம். பழைய கொட்டாவி. வயர்கள் தலைகீழ். சித்தி சட்டென்று ஒன்றுக்குத் திருப்பிவிட்டு எங்களை முறைத்தாள். "எவனாவது வாயத் திறந்தீங்க, பெட்டியால தேச்சுடுவேன்."

மேனேஜர் வந்து காற்றில் நின்றார். "பாத்தீங்களா, ஒண்ணுலயே என்ன காத்து! இதுக்குப் போய் பேராசைப்பட்டீங்களே."

"புத்தியில்லாம கேட்டுட்டோங்கய்யா" என்றாள் சித்தி, முடி பறக்க.

அந்தக் கோடை முழுக்க அவள் விழவில்லை. சிக்கனத்தில் மேனேஜருக்கு நல்ல பெயர். எல்லாம் சுகமாகத்தான் போனது, முதலாளிக்கு இரக்கம் வரும்வரை.

பார்வையிட வந்தவர் எங்கள் வேர்வையைக் கண்டு உருகினார். "பாவம்யா. இன்னிக்கு மூணுல வை."

"வேண்டாங்கய்யா!" என்று அறையே அலறியது. "எங்களுக்கு ஒண்ணே போதும்!"

முதலாளிக்குக் கண் கலங்கியது. "இந்தக் காலத்துல இப்படியும் ஜனங்களா!" என்று தன் பொற்கரத்தாலேயே மூன்றுக்குத் திருகினார். ஃபேன் படுத்துவிட்டது.

"என்னய்யா இது? கூட்டுனா குறையுது?"

சித்தியின் முகம் வெளுத்துக்கொண்டு வந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டாள். "வயரு மாறிக் கெடக்குதுங்கய்யா. ஒண்ணுதான் மூணு. மூணுதான் ஒண்ணு. புண்ணியமாப் போகும், பழையபடி வச்சுடுங்க."

மேனேஜர் நெஞ்சில் கை வைத்தார். "அடப்பாவிகளா! ஒண்ணுன்னு சொல்லிட்டு இத்தனை நாளா மூணையா தின்னீங்க?"

அங்கேயே விசாரணை நடந்தது. மச்சான் மேல் குற்றமில்லை. அவர் வயரைத்தான் மாற்றினார், நாங்கள் நம்பிக்கையையே மாற்றிவிட்டோம். எங்கள் மேல் 'காற்றுத் திருட்டு'. ஃபேன் சான்றுப் பொருளாகக் கைப்பற்றப்பட்டு மேனேஜர் அறைக்குப் போனது. சான்று கெட்டுப்போகாமலிருக்க அங்கே ஒன்றாம் நம்பரிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்று மத்தியானமே சித்தி விழுந்தாள். அவளை வேலையை விட்டு நிறுத்தியது மயங்கியதற்காக அல்ல. நிர்வாகம் அவ்வளவு ஈரமில்லாததல்ல. வேலை நேரத்தில் படுத்ததற்காக.

ஆக, காற்றைத் திருடியவர்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. வேர்வையைத் திருடுகிறவர்களுக்கு இன்னும் எந்தச் சட்டத்திலும் பெயர் வைக்கவில்லை. வைக்கிறவரை நாங்கள் அவர்களை 'ஐயா' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.