முப்பத்திரண்டில் ஒன்று

"மறுபடியும் நேத்திராவதியா?"

சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் ஹாலப்பா. தீர்த்தஹள்ளிப் பள்ளியில் ஏழாம் வகுப்புக் கணக்கு வாத்தியார். பெங்களூரு அறிவியல் கண்காட்சிக்கு அவரோடு ஒரே ஒரு பிள்ளை போகலாம். குலுக்கல் முறையில் ஆளைத் தேர்ந்தெடுத்தால் நிகழ்தகவுப் பாடமும் அதிலேயே முடிந்துவிடும் என்று, முந்தின நாளே எல்லோரையும் அவரவர் பெயரை எழுதிப் பெட்டியில் போடச் சொல்லியிருந்தார்.

முதல் சீட்டில் நேத்திராவதி. அதோடு விட்டிருக்கலாம்.

"முப்பத்திரண்டு பேர்ல ஒருத்தி. இப்ப இதை உள்ள போட்டுக் குலுக்கி எடுத்தா, அதே பேரு வருமா? வரவே வராதுன்னு சொல்ல முடியாது. ஆனா ரொம்பக் கஷ்டம்" என்று ஜம்பமாகக் கையை விட்டதுதான் வினை.

வகுப்பே கைதட்டியது. ஒரு முகத்திலாவது ஏமாற்றம் வேண்டுமே! ஹாலப்பாவுக்கு உறுத்தியது.

"ஏண்டா, யாருக்குமே வருத்தமில்லையா?"

"அவளே போகட்டும் சார். பாவம், நல்ல பொண்ணு!"

இது இன்னும் மோசம். சாட்சிக்குத் தலைமையாசிரியை விமலாபாயைக் கூட்டி வந்தார். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு சீட்டு எடுத்தார்.

நேத்திராவதி.

விமலாபாயின் பார்வை சீட்டிலிருந்து ஹாலப்பாவின் மேல் ஏறியது. "போன வாரம் இந்தப் பொண்ணோட அப்பா உங்க வீட்டுக்குத் தேன் கொண்டுவந்தாராமே?"

"ஐயோ மேடம், அது நான் காசு குடுத்து வாங்கினது!"

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார் விமலாபாய், எல்லாவற்றையும் சொல்லிவிட்ட குரலில்.

வேர்த்து விறுவிறுத்து, ஹாலப்பா பெட்டியை மேசைமேல் கவிழ்த்தார். வெளியே எடுத்ததையும் சேர்த்து முப்பத்தொரு சீட்டு. முப்பத்தொரு விதமான கையெழுத்து. அத்தனையிலும் நேத்திராவதி.

"எந்திரி! எல்லார்கிட்டயும் கெஞ்சி எழுத வச்சியா? இல்ல, மிட்டாய் வாங்கிக் குடுத்தியா?"

நேத்திராவதி விசும்பினாள். "நேத்து எனக்குக் காய்ச்சல் சார். நான் பள்ளிக்கூடத்துக்கே வரல."

"பின்ன யாருடா இந்த வேலையைப் பண்ணினது?"

கடைசி பெஞ்சிலிருந்து சன்னவீரன் தயங்கித் தயங்கி எழுந்தான்.

"எல்லாரும்தான் சார். பெங்களூரு வரைக்கும் ஏழு மணி நேரம், உங்க பக்கத்து சீட்டுல யாரு சார் உக்காருவா?"