கேனுக்குக் கிடைத்த கோடைத் தளர்வு

மரக்காணம் வட்டாரப் பொதுமக்கள் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால், கோடை வெயிலையும் அரசாங்கத்தையும் ஒரே நேரத்தில் எதிர்த்து நிற்பதென்று உப்பள உரிமையாளர் சங்கத் தலைவர் கலியபெருமாள் முடிவு செய்துவிட்டார். சங்கத்தில் மொத்தம் ஒன்பது பேர். அதில் மூன்று பேர் அவருடைய மச்சான்கள்.

காரணம், ஈ.சி.ஆர். ஓரத்து பெட்ரோல் பங்கில் அன்று காலை தொங்கிய அட்டை: 'கோடையில் பெட்ரோல் ஆவியாகும். எனவே விதிப்படி வெயில் காலம் முடியும்வரை கேனில் தரப்படாது.'

பாத்திகளுக்கு உப்புத்தண்ணீர் இறைக்கிற இன்ஜின் பெட்ரோலில் ஓடுவது. மே மாதத்தில் பத்து நாள் தண்ணீர் ஏறாவிட்டால் அந்த வருஷத்து உப்பு போச்சு.

“ஆவியாறதப் பத்தி எனக்கே பாடமா? கடலையே ஆவியாக்கி விக்கிறவன்மா நான்” என்று கேனை நீட்டினார் தலைவர்.

“ரூல்ஸுங்க” என்றாள் பங்கில் வேலை பார்க்கும் பூங்குழலி.

கலியபெருமாள் அசரவில்லை. பைக்கில் டேங்க் நிறையப் போட்டுக்கொண்டு உப்பளத்துக்குப் போய், ட்யூபை வாயில் வைத்து உறிஞ்சி இன்ஜினுக்கு மாற்றினார். ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது. அன்று முழுக்க அவர் பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கவில்லை. இன்ஜின் ஓடியது. பைக்கை மட்டும் வரப்பு வழியாக மெயின் ரோடு வரை தள்ள வேண்டியிருந்தது.

மறுநாள் வேலையாட்களின் ஏழு பைக்குகளிலிருந்தும் அதேபோல் உறிஞ்ச வைத்தார். எல்லாரும் வீடு வரை தள்ளிக்கொண்டு போனார்கள். அதற்கடுத்த நாள் யாரும் வரவில்லை. இன்ஜினில் பெட்ரோல் இருந்தது, பாத்தியில் இறங்க ஆளில்லை. பாத்தி வேலைக்கு வரும் மாரியம்மாள் மட்டும் ஷேர் ஆட்டோவில் வந்து சேதி சொன்னாள்.

“வண்டி எல்லாம் வீட்டு வாசல்ல காலியா நிக்குதாம். பெட்ரோல் குடுத்து அனுப்புனா வர்றாங்களாம்.”

“எதுல குடுத்து அனுப்புறது?”

“கேன்லதான்.”

அதன்பிறகுதான் மனு. திண்டிவனத்தில் ஓர் அலுவலகத்துக்கு நாலு பக்கம் எழுதிக்கொண்டு போனார். உப்பு இல்லாவிட்டால் நாடே பத்தியச் சாப்பாடு சாப்பிட வேண்டியதுதான் என்று அதிகாரியிடம் நின்றபடியே இருபது நிமிஷம் பேசினார். கிளார்க் அறிவழகன் அந்த விதியைத் தேடி ரெண்டு நாள் பீரோ பீரோவாகக் குடைந்தார். கிடைத்ததா என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. மூன்றாம் நாள் ஆணை வந்தது: 'மேற்படி விதி பதினைந்து நாட்களுக்குத் தற்காலிகமாகத் தளர்த்தப்படுகிறது.' கீழே மூன்று கையெழுத்து, இரண்டு சீல்.

பொழுது சாய்வதற்குள் பேனர் ஏறிவிட்டது: 'வெயிலை வளைத்த வேங்கையே!' சங்கத்தின் மற்ற எட்டு பேரும் பங்கை நோக்கி மேளத்தோடு முன்னே நடக்க, தலைவர் கழுத்தில் ஒரு மாலை, கேனுக்கு ஒரு மாலை. வேலையாட்கள் உள்ளபடியே சந்தோஷமாகக் கை தட்டினார்கள். பங்க் முதலாளி எழுந்து வந்து கை கொடுத்தார். கலியபெருமாள் மைக் பிடித்து, ஆணையைத் தேதி, ந.க. எண் விடாமல் படித்து முடித்து, கேனைப் பூங்குழலியிடம் நீட்டினார். ஜெயித்தவன் நீட்டுகிற தோரணையில்.

அவள் மாலையைக் கழற்றிவிட்டு கேனுக்குள் எட்டிப் பார்த்தாள். திருப்பி அவர் கையிலேயே கொடுத்தாள்.

“அப்படி ஒரு ரூல்ஸே கிடையாதுங்க. உப்புத்தண்ணி மொள்ற கேன்லயே பெட்ரோல் கேக்குறீங்க, கழுவிட்டு வாங்கன்னா தலைவரு கோவிச்சுக்குவாருன்னு நான்தான் எழுதி மாட்டுனேன்.”