மதினி கூப்பிட்டால்தான் தின்னும் பூனை

பட்டினி போடுறேன்னு எந்த வாய் சொன்னுச்சு மதினி? ஒங்க பூனைக்கு நான் சோறு போடுறதில்லையாம், எங்க கிளிக்கு மட்டும் பழம் உரிச்சிக் குடுக்குறேனாம், அதனால பூனையத் தெமோதரைத் தோட்டத்து லெட்சுமிகிட்ட ஒப்படைச்சிரணுமாம். நல்லாருக்கு ஞாயம். கடுதாசிய வாசிச்ச கோவத்துல மொறையெல்லாம் மறந்துபோச்சு. இருங்க, ஒழுங்கா ஆரம்பிக்கிறேன்.

இந்தியாவில் கூடலூர் தேயிலைத் தோட்டத்தில் மகன் மருமகளோடு சௌக்கியமாய் வாழும் மகாகனம் பொருந்திய என் அண்ணன் சம்சாரம் இராக்கம்மா மதினி அவர்களுக்கு, இலங்கையில் ஹாலிஎலைக்கு மேலே அதே தோட்டத்து அதே லயத்து வரிசை வீட்டிலிருந்து கொழுந்தன் வீரசிங்கம் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. நான் நலம். கிளிகள் இரண்டும் நலம். மைனாவும் நலம். கப்பலேறப் போன அன்று தாங்கள் என் தலையில் கட்டிவிட்டுப் போன பூனையும் நலமே, கொஞ்சம் மெலிந்திருக்கிறது. அது என் குற்றம் அல்ல, தங்கள் குற்றம். பூனையைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு வரியாய் வாசித்துக் காட்டித்தான் எழுதுகிறேன். பொய் இருந்தால் அது சொல்லட்டும்.

என் பேருல பாதிய வெட்டிப் பூனைக்குச் சிங்கம்னு பேரு வச்சது யாரு? நீங்க. "சிங்கம், சோத்துக்கு வா"ன்னு நீங்க கூவுறப்பெல்லாம் பக்கத்துக் காம்பராவுல நான் ஒரு தடவ எந்திரிச்சி ஒக்காருவேன், நம்ம ரெண்டு காம்பராவுக்கும் நடுவுல உள்ள செவுரு கூரை வரைக்கும் போகாததால ஒங்க பேச்சு பூரா என் தலமேலதான் விழுந்துச்சு, அண்ணன் உசுரோட இருந்தப்ப அவருக்கு விழுந்த திட்டுல மிச்சம் மீதி எனக்கு, அண்ணன் போனப்பறம் முழுசும் எனக்கு. நீங்க போன அன்னைக்கு அந்தச் செவுத்து மேல ஏறிக் குந்திக்கிட்டு ஒங்க பூனை எங்க கிளிக்கூட்டப் பாத்துச்சு பாருங்க, தீபாவளிக்கு ஆட்டுக்கறி வெட்டுற எடத்துல ஒங்க மகன் நின்னு பாப்பானே, அந்தப் பார்வை. நான் தேயிலை வெட்டுற கவ்வாத்துக் கத்தியத் தூக்கிக்கிட்டு ஓட, காலு தண்ணி வாளிக்குள்ள போயிருச்சு, கிளி ரெண்டும் லயத்தையே கூட்டுது, பூனை கம்பிக்குள்ள கைய விட்டிருச்சு, அந்த நேரம் பாத்து ஒரு சத்தம்.

"ச்சீ, எறங்கு கழுத!"

ஒங்க கொரலு மதினி. கடைசியில மூக்கச் சிந்துறது கூட அப்புடியே. பூனை எறங்கிருச்சு. நானும் கத்தியக் கீழ போட்டுட்டேன். எந்தக் கழுதயச் சொன்னீங்கன்னு எங்க ரெண்டு பேருக்கும் வெளங்கல. திரும்பிப் பாத்தா பக்கத்துக் கூட்டுல மைனா. செவுத்துக்கு அந்தப் பக்கம் நீங்க பேசுனதையெல்லாம் இந்தப் பக்கம் அது படிச்சி வச்சிருக்கு. நீங்க இருந்த வரைக்கும் வாயத் தொறக்கல. நீங்க நிறுத்துனாத்தானே அதுக்கு எடம் கெடைக்கும்!

அன்னையிலேருந்து பூனை கிளியத் திரும்பிப் பாக்கல. மைனாக் கூட்டுக்கு அடியிலதான் படுக்கை. கூட்டுக்குள்ளதான் நீங்க இருக்கீங்கன்னு நெனப்பு போல. நான் சோறு வச்சா மோந்துகூடப் பாக்காது. மைனா "சிங்கம், சோத்துக்கு வா"ன்னு சொன்னாத்தான் தட்டுகிட்ட வரும். நானும் அதுக்கப்பறந்தான் என் தட்டுல கைய வைப்பேன், பூனை தனியாத் தின்னா சங்கடப்படுமேன்னு.

இப்ப என்னாச்சுன்னா, மைனா எறகு கொட்டுற காலம், பேசுறதில்ல. கூதலுக்குக் கூட்டு மேல துணி போர்த்தி வச்சிருக்கேன். உள்ளேருந்து என் இருமலத்தான் திருப்பி இருமுது. இருமலுக்கெல்லாம் பூனை சோறு தின்னுமா? நெத்திலி பொரிச்சி வச்சேன், டின் பாலு கரைச்சி வச்சேன், ம்ஹூம். கடைசியா நீங்க விட்டுட்டுப் போன கம்பளியத் தலையில போட்டுக்கிட்டு வாசல்ல குந்தி, மெல்லிசாக் கொரல வச்சிக் கூப்புட்டேன். அந்த நேரம் பாத்துத்தான் நம்ம லயத்து அங்கம்மா, இந்தியாவுக்குக் கெளம்புறவ, பயணம் சொல்லிக்க வந்தா.

"என்ன மாமா, பேய் புடிச்சிருச்சா?"

"பூனையக் கூப்புடுறேன் புள்ள."

"அது பயந்து கூரையில ஏறிருச்சு, பாருங்க. ராக்கம்மாத்தை இப்புடியா கூப்புடும்? அது கூப்புட்டா தொரை பங்களா நாயே சோத்துக்கு வந்து நிக்கும்."

அவ அங்க வந்து ஒங்ககிட்ட பூனை எலும்பாப் போச்சுன்னு மட்டும் சொல்லியிருக்கா. நான் கம்பளி போட்டுக் குந்துனத மறைச்சிட்டா, புண்ணியவதி.

லெட்சுமிகிட்ட குடுத்தா மட்டும் தின்னுருமா? லெட்சுமி கொரலு விடியக்காலையில வேலைக்குக் கூப்புட அடிக்கிற பெரட்டுத் தப்பு மாதிரி, பூனை வேலைக்குத்தான் போவும். அங்க போயி சாகுறதுக்கு இங்கயே கெடக்கட்டும். குடுக்க மாட்டேன், கோவிச்சாலும் சரி. ஒரே வழிதான் இருக்கு. ஒங்க மகன்கிட்ட சொல்லி ஒரு கேசட்டுல ஒங்க கொரலப் புடிச்சி அனுப்புங்க. ஹாலிஎல டவுன்ல அஸீஸ் நானா கடையில டேப் ரெக்கார்டர் இருக்கு, சோத்து நேரத்துக்கு இரவல் தாறேன்னுட்டாரு. "பூனைக்கா, ஒங்களுக்கா?"ன்னு கேட்டாரு. பூனைக்குன்னேன். சிரிக்கிறாரு மனுசன். ஒரு பக்கம் பூரா பூனையக் கூப்புடுங்க. மறுபக்கத்தச் சும்மா விட்டுருங்க, எனக்கு ஒண்ணும் வேணாம். நீங்க போனதுலேருந்து லயம் அமைதியா இருக்கு, நிம்மதியாத் தூங்குறேன்.

கதிர்காமத்து முருகன் தங்களுக்குச் சளி பிடிக்காமல் காக்கட்டும். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள். மருமகளுக்குப் பொறுமை பெருகட்டும்.

இப்படிக்கு,
குற்றமற்ற கொழுந்தன்
வீரசிங்கம்

பி.கு: மைனாவும் நலம்னு மேல எழுதியிருக்கேன்ல, அத அடிச்சிருங்க. மைனா இல்ல மதினி. பொங்கலுக்குக் கூட்டக் கழுவுறப்ப கதவச் சாத்த மறந்துட்டேன். பறந்து போயி தண்ணி புடிக்கிற பீலிக்கரை சவுக்கு மரத்துல ஒக்காந்து, ஒங்க கொரல்ல "சிங்கம், சோத்துக்கு வா"ன்னு ஒரே ஒரு தடவ கூப்புட்டுச்சு. பூனை ஓடுச்சு. நானும் ஓடுனேன். நாங்க ரெண்டு பேரும் மரத்தடியில அண்ணாந்து நின்னோம், அது காட்டுப் பக்கம் போயிருச்சு. துணி போர்த்தியிருக்குறது வெறுங்கூடு, அங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. இருமுறது நான்தான். நிம்மதியாத் தூங்குறேன்னு எழுதுனதையும் அடிச்சிருங்க. கேசட்டு மறுபக்கத்தச் சும்மா விடாதீங்க, என்னையத் திட்டுங்க. முழுப்பேரு சொல்ல வேணாம், பூனைக்கு வச்ச பாதியே போதும். இத வாசிச்சிக் காட்டிக்கிட்டு இருக்கேன், ஒங்க பூனை எந்திரிச்சி செவுத்து மேல ஏறி, பூட்டிக் கெடக்குற ஒங்க காம்பராவுக்குள்ள குதிச்சிருச்சு. டேய், இன்னும் ரெண்டு வரி இருக்குடா, கேட்டுட்டுப் போடான்னா, கேக்குதா பாருங்க.