ஜாஸ்மிக்கு முதுகு பிடித்த விவரம்

கிறிஸ்துவுக்குள் பிரியமான தங்கபாய் அக்காவுக்கு, தம்பி ரசலையன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம் என்று எழுத ஆசைதான். ஆனால் இரண்டு பேர் படுத்திருக்கிறோம். போனில் சொன்னால் நீ அழுவாய், பிறகு நானும் அழுவேன். அதனால்தான் கடிதம்.

என் மகள் ஜாஸ்மி மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. வயது பத்தொன்பது. அங்கே சேலைக்கட்டுகளைக் கிடங்கிலிருந்து இரண்டாம் மாடிக்கு இரண்டிரண்டு பேராகத்தான் தூக்குவார்கள். இவளை மட்டும் சூப்பர்வைசர் பெனின் தனியாகத் தூக்க விட்டிருக்கிறான். ஏன் என்று எனக்குத் தெரியாது. போன செவ்வாய் படியில் வைத்து முதுகு பிடித்து, பிள்ளை ஆட்டோவில் வந்து இறங்கினாள். குனிந்து செருப்பைக் கழற்ற முடியவில்லை அக்கா, நான்தான் கழற்றினேன்.

எனக்கு வந்ததே கோபம்! முப்பது வருஷம் ரப்பர் ஷீட் கிடங்கில் சுமை எடுத்தவனாக்கும் நான். நேரே கடைக்குப் போய், "எடேய் பெனினு, பாரம் எடுக்கியதுக்கு ஒரு முறை உண்டும் கேட்டியா? முட்டு மடக்கணும், முதுகு வளையப்பிடாது, கட்டை நெஞ்சோட அணைக்கணும்"னு சொல்லி, எல்லாரும் பார்க்க ஒரு சேலைக்கட்டை எடுத்துக் காட்டினேன். எடுத்தது சரிதான், நிமிரத்தான் முடியல்ல. வேட்டி வேற அவிழப் பாக்குது. சேலை எடுக்க வந்த கல்யாண வீட்டுக்காரங்க, "பாட்டா, வேட்டிய விட்டிராதீரும்"னு சத்தம் போடுகாவ. கடைசியில் அங்கே வேலை பார்க்கிற நாலு பிள்ளைகள் முட்டு மடக்கி, முறைப்படி என்னைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார்கள். என்னைத் தூக்க நாலு பேர் அக்கா. என் பிள்ளைக்குக் கைகொடுக்க ஒருத்தர் இல்லை.

இப்போ அப்பனும் மகளும் தைலம் போட்டுக் கிடக்கோம். மூணு வாரம் பாரம் எடுக்கப்பிடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. திங்கள்கிழமை வரல்லன்னா வேற ஆளு போடுவோம்னு பெனின் சொல்லுகான். ஓய்வுநாள் பள்ளியில் அவனுக்கு வசனம் படிப்பித்தவள் நீ, நீ சொன்னால் கேட்பான். கொஞ்ச நாள் அவளை நூல்கண்டு விற்கிற இடத்தில் உட்கார வைக்கச் சொல்லு. இந்த வயதிலேயே முதுகு போனால் பிள்ளை என்ன செய்யும்?

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கர்த்தர் உங்கள் எல்லாரையும் சுகமாய் வைப்பாராக.

ரசலையன்

பின்குறிப்பு: ஜாஸ்மி இதைப் படித்துவிட்டு, "ஏன்னு தெரியாதுன்னு எழுதினத வெட்டுங்கப்பா" என்கிறாள். தெரியும் அக்கா. அவளுக்கு வேலை கிடைத்த மாதம் ஆலயத்தில் கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சி சொல்ல எழும்பினேன். மைக்கைப் பிடித்ததும் நாக்கு நிற்கவில்லை. "ரெண்டு ஆம்பிளைங்க எடுக்கிய சேலைக்கட்டை எனக்க மக ஒத்தைக்கு எடுப்பா, கர்த்தர் தந்த பெலன்" என்று சொல்லிவிட்டேன். முன்வரிசையில் பெனின் இருந்தான். அவனைத் திட்டாதே.

"நீயாவது முடியாதுன்னு சொல்லப்பிடாதா மக்ளே?" என்று இப்போதுதான் கேட்டேன்.

"சபையில வச்சு நீங்க சொன்னது பொய்யாப் போவுமேப்பா" என்றாள்.