எண்ணெய்த் தேர்வுக் குழுவின் மாட்சி

மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை முற்பகலில், முதியோர் இல்லத்தின் பழைய வேன் நடுச்சாலையில் நின்றுவிட்டது. எஞ்சினில் எண்ணெய் இல்லை. உள்ளே, சிறுநீரகச் சிகிச்சைக்குப் போகவேண்டிய மூதாட்டி ஒருவர் இருந்தார். குறை இவ்வளவே. மற்றபடி, ஒரு வேனுக்கு எண்ணெய் தேர்ந்தெடுப்பதில் மானுட அறிவு இதைவிட உயர்ந்த சிகரத்தை எட்டியதில்லை.

அச்சிகரத்தின் உச்சியில் அமர்ந்திருந்தவர் இல்லத்தின் தலைவர். வேனில் இருந்தவர் அவருடைய சொந்த அக்கா.

வேனுக்கு வயதாகிவிட்டது, எண்ணெய் குடிக்கும். வழக்கம்போல் ஒரு டப்பா வாங்கி ஊற்றியிருந்தால், ஒரு மாபெரும் குழு பிறக்காமலேயே போயிருக்கும். நல்லவேளையாகப் பொருளாளர் ஒரு காணொளி பார்த்துவிட்டார்.

"பழைய எஞ்சினுக்குக் கெட்டி எண்ணெய்தான் சார் நல்லது. தேய்ஞ்ச இடத்தையெல்லாம் அடைச்சுக்கும்."

"நான் பார்த்ததுல தலைகீழா சொன்னாங்களே," என்றார் செயலாளர். "லேசான எண்ணெய்தான் காலையில சட்டுனு மேல ஏறுமாம்."

"சிந்தடிக், அதான் செயற்கை எண்ணெய், போட்டா?"

"இந்த வயசுக்கு அதெல்லாம் ஒத்துக்குமா?"

கேட்டவர் வேனைச் சொன்னாரா, தம்மைச் சொன்னாரா என்பது பதிவாகவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமினார். "எது சேரும்னு தெரியணும்னா, இப்ப உள்ள இருக்கிறது எப்படி இருக்குன்னு முதல்ல தெரியணும்."

பொன்னால் பொறிக்கத்தக்க வாக்கு! உறுப்பினர்களுக்கு ஆளுக்கொரு கண்ணாடிக் குப்பி வழங்கப்பட்டது. எஞ்சினிலிருந்து ஆய்வு மாதிரியாக எண்ணெய் இறக்கிக் குப்பிகளை நிரப்பினார்கள். அடுத்த கூட்டத்திற்குள் அது "பழைய மாதிரி" ஆகிவிட்டமையால், மீண்டும் புதிதாக இறக்கினார்கள். விரலிடுக்கில் தேய்த்தார்கள், வெளிச்சத்தில் பிடித்தார்கள், ஒருவர் முகர்ந்து கண்கலங்கினார்.

"சார், கொஞ்சமாவது மேல ஊத்திக்கவா?" என்றார் ஓட்டுநர்.

"ஊத்தினா மாதிரி கெட்டுடும்ப்பா. முடிவு வர்ற வரைக்கும் பொறு."

"எண்ணெய் குறைஞ்சுபோச்சுன்னு சிவப்பு விளக்கு எரியுதே சார்?"

குழு அதையும் ஆராய்ந்தது. விளக்கு, முடிவை அவசரப்படுத்தும் தன்மையுடையது எனக் கண்டு, அதன்மேல் கறுப்பு நாடா ஒட்டத் தீர்மானித்தது. ஓட்டுநர் ஓரம்கூடச் சுருங்காமல் ஒட்டிப் பாராட்டும் பெற்றார்.

ஞாயிறு மாலை அக்கா தம்பியின் அறைக்கு வந்தார். மேசையில் வரிசையாகக் குப்பிகள்.

"ஏன்டா, எண்ணெய் முடிவாச்சா?"

"நெருங்கிட்டோம்க்கா."

"இத்தனை நாளா ஊத்தினதையே ஊத்தறதுக்கு என்னடா கேடு? பொண்ணு பார்த்தப்பகூட நீ இவ்வளவு யோசிக்கல."

"அதனாலதான்க்கா இப்ப யோசிக்கிறேன்."

அக்கா சிரித்துவிட்டார். பிறகு வீங்கிய காலைத் தடவிக்கொண்டே, "நாளைக்கு நான் மிஷின்ல படுக்கணும்டா. தவறினா மூச்சு முட்டும். வண்டி போகுமில்ல?" என்றார்.

"குழு இருக்குக்கா."

குழு இருந்தது. எண்ணெய்தான் இல்லை. மறுநாள் எஞ்சின் ஒருமுறை முனகி, இறுகி நின்றது. காய்கறி ஏற்றிவந்த வண்டிக்காரர் ஒருவர் மூட்டைகளை ஒதுக்கி அக்காவுக்கு இடம் கொடுத்தார். தம்பி மருத்துவமனைக்கு ஓடியபோது, அக்கா மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். பேச முடிந்ததும் அவர் கேட்ட முதற்கேள்வி:

"அந்தக் காய்கறி வண்டிக்காரரு என்ன எண்ணெய்டா ஊத்தறாராம்?"

 தம்பியின் சட்டைப்பையில் ஒரு குப்பி நிறைய எண்ணெய் இருந்தது.

அன்று மாலையே குழு கூடி, வழக்கமான எண்ணெயே சிறந்தது என ஒருமனதாக முடிவெடுத்தது. இறுகிப்போன எஞ்சினுள் அது, கைதட்டலுக்கிடையே, கழுத்துமுட்ட ஊற்றப்பட்டது. தலைவர் மட்டும் கைதட்டவில்லை. அவர் கையில் குப்பி இருந்தது.

எந்தக் குழுவிலும் வாய் திறவாமல் தலையை மட்டும் ஆட்டும் நல்லவர் ஒருவர் இருப்பார். இதிலும் இருந்தார். அவரும் ஒரு குப்பியை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார். வாசகரே, பக்கத்தைப் புரட்டாதீர்கள், உங்களைத்தான் கேட்கிறேன். உங்கள் மேசைமேல் இருக்கும் அந்தக் குப்பியைத் திருப்பிக் கொடுங்கள்.