கம்ப்யூட்டர் அறைக்குச் சுவர் எழுப்பிய விவரம்

உ

விருத்தாசலம்,
21-9-2008, ஞாயிறு மாலை.

பெரும் மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய நடராசன் மாமா அவர்களுக்கு, மைத்துனன் பாலகிருஷ்ணன் இரு கரம் கூப்பி எழுதுவது. தாங்களும் பாஞ்சாலை அக்காவும், வேப்பூர் கூட்ரோட்டில் தாங்கள் நடத்திவரும் டிபன் கடையும் பழமலைநாதர் அருளால் நலமாக இருக்க வேண்டும். இங்கு என் மனைவி கமலம் நலம். நான் நலமாக இல்லை. இதைப் படித்ததும் அக்காவிடம் காட்டாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளவும். ஃபோனில் சொல்லியிருப்பேன், அக்கா எடுத்துவிட்டால் அழுதுவிடுவேன் என்ற பயத்தால் தபாலில் எழுதுகிறேன்.

விஷயம் என்னவென்றால், செவ்வாய்க்கிழமை நான் ஒரு பையோடு உங்கள் கடை வாசலில் வந்து நின்றால், ஏன் எதற்கு என்று கேட்காமல் ஒரு வேலை கொடுக்க வேண்டும். இலை எடுப்பதானாலும் சரி, தண்ணீர் ஊற்றுவதானாலும் சரி. ஐம்பத்து மூணு வயசுல இவன் ஏன் இலை எடுக்கறான்னு லாரிக்காரங்க கேட்டா, வேண்டுதல்னு சொல்லிக்கலாம்.

எங்கள் பீங்கான் சங்கத்தில் இருபத்தேழு வருஷமாக அச்சுக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவன் நான் என்பது தாங்கள் அறிந்ததே. ஆயிரத்து முந்நூத்துப் பன்னெண்டு பிளாஸ்டர் அச்சு. யானை, குதிரை, ஊறுகாய் ஜாடி, டீ கப்பு, அகல் விளக்கு, எது எந்த அலமாரி எந்தத் தட்டுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எழுதி வெச்சதே கிடையாது. நம்ம தொழிற்பேட்டை எஸ்டேட்டுல இருக்கற சின்னச் சின்ன யூனிட்டுக்காரங்க எல்லாம் காலைல வந்து "பாலகிருஷ்ணன் எங்க?"ன்னுதான் கேப்பாங்க. இப்போ ஊரை முன்னேத்தறதுக்குன்னு ஒரு திட்டம் வந்திருக்குது மாமா. எல்லா அச்சையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா, எங்கயோ கண்காணாத தேசத்துல ஒருத்தன் பட்டனைத் தட்டினா போதுமாம், நம்ம ஊரு பொம்மை அவன் கண்ணுக்குத் தெரியுமாம், உடனே ஆர்டர் குடுப்பானாம். நல்லதுதான், வேணாங்கலை. மூணு மாசமா பாதி சூளை பத்தவைக்காம கெடக்குது. ஆனா அதுல ஏத்தறதுக்கு அச்சு விவரம் எங்க இருந்து வரணும்? என் தலைல இருந்துதானே?

ரெண்டு பொட்டி வந்துது. அதுக்குன்னு ஒரு ரூமு ஒதுக்கி வெள்ளையடிச்சு, செருப்பை வெளியவே விடணும்னு போர்டு மாட்டினாங்க. கோயிலுக்குப் போற மாதிரி எல்லாரும் கால் கழுவிட்டுப் போனோம். திட்டக்குடியில இருந்து தமிழினின்னு ஒரு பொண்ணு தெனம் பஸ்ஸுல வந்து, நான் சொல்லச் சொல்ல டைப் அடிச்சிது. தங்கமான பொண்ணு. "ஐயா, டீ குடிச்சிட்டு வந்து சொல்லுங்க, அவசரமில்ல"ன்னு சொல்லும். இந்தக் கமலம் இருக்கறாளே, அவதான் குட்டையைக் குழப்பினா. "தலைல இருக்கறதை எல்லாம் வழிச்சு அதுல கொட்டிட்டா அப்புறம் உங்க தலையை வெச்சு சங்கம் என்னா பண்ணும்? எங்க அண்ணன் வேலை பார்த்த மில்லுல கம்ப்யூட்டர் வந்த மறுமாசமே மூணு பேரை வூட்டுக்கு அனுப்பிட்டாங்க தெரியுமில்ல?"ன்னா. அன்னிலேர்ந்து சோறு இறங்கலை மாமா. ஒவ்வொரு அச்சு சொல்லும்போதும் என் நாற்காலிக் காலை நானே அறுக்கற மாதிரி இருந்துது. அதனால ஒரு காரியம் பண்ணினேன். உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நாப்பது அச்சை சொல்லவே இல்லை. முடிஞ்சுதாய்யான்னு அந்தப் பொண்ணு கேட்டப்போ முடிஞ்சுதும்மான்னுட்டேன். அந்த நாப்பது என்கிட்ட இருக்கற வரைக்கும் என்னை அனுப்ப மாட்டாங்கன்னு ஒரு கணக்கு.

நேத்து சனிக்கிழமை சாயங்காலம் தமிழினி கெளம்பும்போது சொல்லிச்சு: "ஐயா, எல்லாம் காப்பி ஆயிட்டு இருக்குது, ஆஃப் பண்ணிடாதீங்க. திங்கக்கிழமை பத்து மணிக்கு மெட்ராஸ்லேர்ந்து அதிகாரி வராரு, அதுக்கு முன்ன நான் வந்து திறக்கறேன். அதுவரைக்கும் ரூமை நல்லா மூடிடுங்க. ஒரு பொட்டுத் தூசி உள்ள போகக்கூடாது." பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டுது. நான் சூளை மேஸ்திரி பழமலையைக் கூப்பிட்டு, ஒரு பொட்டுத் தூசி போகாம மூடணுமாம்டான்னேன். மாமா, நீங்க ஓட்டல்காரரு, உங்களுக்கு மூடறதுன்னா கதவைச் சாத்தறது. எங்க பொழப்புல மூடறதுன்னா சரக்கை அடுக்கின சூளை வாயில செங்கல் வெச்சு, மண்ணு குழைச்சு, இண்டு இடுக்கு இல்லாம பூசறது. அதை விட்டா வேற மூடலு எங்களுக்குத் தெரியாது. பழமலை ஒரு மணி நேரத்துல கதவுக்கு முன்னால சுவரு எழுப்பி, ஜன்னலையும் அடைச்சு, கரணையால வழவழன்னு தேச்சுட்டான். "அனல் பார்க்க ஓட்டை விடணுமா?"ன்னு கேட்டான். தூசி போயிடும், வேணாம்னுட்டேன். நல்லா இருக்குதுன்னு தட்டிக் குடுத்துட்டு வூட்டுக்குப் போயி மூணு மாசத்துல முதல் தடவையா வயிறாரச் சாப்பிட்டேன். பாவி நான்.

இன்னிக்குக் காலைல பூச்சு காஞ்சுதா பார்க்கலாம்னு நானும் பழமலையும் போனோம். மண்ணு கொட்டின சாக்கை அவன் ஓரமா இழுத்தான். கீழே ஒரு ஜோடி செருப்பு. ரெண்டு பேரும் பார்த்தோம். எங்க சங்கச் செயலாளரு செருப்பு! பட்டை அறுந்து பச்சை நூலால தெச்ச செருப்பு, ஊருக்கே தெரியும். அவருக்கு மத்தியானம் சாப்பிட்டதும் அந்த ரூமுல பீரோவுக்குப் பின்னால, குளுகுளுன்னு இருக்குதுன்னு, துண்டை விரிச்சுப் படுக்கற வழக்கம் உண்டு மாமா. அவரு செல்லுக்கு அடிச்சேன். அணைச்சு வெச்சிருக்குதுன்னு ஒரு பொம்பளை சொன்னா. சுவத்துல வாயை வெச்சு "ஐயா! ஐயா!"ன்னு கத்தினேன். அந்த நேரம் பார்த்து கரண்ட்டு போச்சு. உள்ள இருந்து "கீ... கீ..."ன்னு ஒரு சத்தம். நான் "ஐயா, உசுரோட இருக்கறீங்களா?"ன்னேன். "கீ"ன்னுது. "மூச்சு முட்டுதா?"ன்னேன். "கீ"ன்னுது. பழமலை அழுதுட்டான். "கடப்பாரை எடுத்தாடா"ன்னா, "ரெண்டு நாள் ஆறாம சூளை வாயைப் பிரிச்சா உள்ள இருக்கறது வெடிச்சிடுமே"ங்கறான். அட மூதேவி, உள்ள இருக்கறது ஜாடி இல்லடா, செயலாளருடா! இதுக்குள்ள அந்தச் சத்தம் கொறைஞ்சு, இழுத்து, ஒரேயடியா நின்னு போச்சு மாமா. போச்சு, ஒரு உசுரைக் கொன்னுட்டேன். கமலம் முகம் வந்துது, ஜெயிலு வந்துது, அவரு பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை வெச்சது வந்துது. கடப்பாரையை நானே பிடுங்கி இடிச்சேன். நாலே இடியில சுவரு விழுந்து, கதவும் உள்பக்கம் திறந்துக்கிச்சு.

உள்ள யாரும் இல்லை. பீரோவுக்குப் பின்னால துண்டு மட்டும் கெடந்துது. செயலாளரு வூட்டுக்கு ஓடினேன். "அவரா? நேத்து மத்தியானமே புது ஷூ மாட்டிக்கிட்டு மெட்ராஸ் ரயிலு ஏறிட்டாரே, அதிகாரியைக் கையோட கூட்டியாற!"ன்னாங்க அந்தம்மா. பழைய செருப்பை ரூமு வாசல்லயே விட்டுட்டுப் போயிட்டாரு. கரண்ட்டு போனா கொஞ்ச நேரம் தாங்கறதுக்கு ஒரு பேட்டரிப் பொட்டி வெச்சிருக்காங்களாம், அதுதான் கத்தினதுன்னு எதிர்க்கடை எலக்ட்ரீஷியன் சொன்னாரு. நான் குசலம் விசாரிச்சது பேட்டரிப் பொட்டியை.

அப்பாடான்னு திரும்பி வந்து பார்த்தா கம்ப்யூட்டர் மேல ஒரு விரக்கடை செம்மண்ணு. திரை கருப்பா கெடக்குது. தொட்டேன், அசையலை. பட்டனை அமுக்கினேன், ஊஹூம். ஆயிரத்து எரநூத்து எழுபத்து ரெண்டு அச்சும் போச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு அதிகாரி வந்து இதைப் பார்த்தா, கெழவன் வேலை போயிடும்னு வேணும்னே மிஷினைக் கொன்னுட்டான்னுதானே சொல்லுவாங்க? நாப்பதை மறைச்சதும் வெளிய வந்துடும். பயமா இருக்குது மாமா. இருபத்தேழு வருஷத்துல ஒரு அச்சைக் கைதவறிப் போட்டதில்லை, இப்போ எல்லாத்தையும் ஒரே நாள்ல போட்டுட்டேன். அதான் செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸு.

அக்காவுக்கு என் நமஸ்காரங்களைச் சொல்லவும். பிள்ளைகளுக்கு ஆசிகள். தங்கள் கடையில் எண்ணெய்ச் சட்டி என்றும் காய்ந்திருக்கவும், இலைக்கு ஆள் குறையாதிருக்கவும் வேண்டிக்கொள்கிறேன். இலை எடுக்க மட்டும் ஒரு ஆள் குறைவாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
பாலகிருஷ்ணன்.

பி.கு.: 23-9-2008, செவ்வாய். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட மறந்து சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன் மாமா. இந்தப் பின்குறிப்பைக் கம்ப்யூட்டரில் நானே ஒற்றை விரலால் அடிக்கிறேன். 'ழ' எங்கே இருக்கிறது என்று தேடவே கால் மணி நேரம் ஆனது. மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடவும்.

நேத்து தமிழினி வந்து, இடிஞ்ச சுவரைத் தாண்டி உள்ள போச்சு. துப்பட்டா நுனியால மிஷினைத் துடைச்சு, கரண்ட்டு வந்ததும் பட்டனை அமுக்கிச்சு. ஞாயித்துக்கிழமை கரண்ட்டு இல்லாத நேரத்துலதான் நான் அமுக்கிப் பார்த்திருக்கேன். மிஷின் எந்திரிச்சுக்கிச்சு. எல்லா அச்சும் அப்படியே இருக்குது. செத்துப்போச்சேன்னு ராத்திரி எல்லாம் பயந்தவன், பொழைச்சுக்கிச்சேன்னு பயந்தேன். அதிகாரி வந்தாரு. வெளியூர்ல ஒரு கம்பெனி கார்த்திகைக்கு மயில் விளக்கு கேக்குதாம், இருந்தா எஸ்டேட் மொத்தத்துக்கும் ரெண்டு மாசம் வேலைன்னாரு. தமிழினி தட்டிப் பார்த்துட்டு, இல்லீங்கன்னுது. சரி, வேற ஊருக்குக் குடுத்துடறோம்னு அவரு பேனாவை மூடினாரு. மயிலு அந்த நாப்பதுல ஒண்ணு மாமா. பழமலை வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தான், மூணு மாசமா அவன் சூளை பத்தலை. சொல்லிட்டேன். "இருக்குதுங்க. பதினோராவது அலமாரி, மேல் தட்டு, துணி சுத்தி வெச்சிருக்குது." "அப்போ இதுல ஏன் இல்லை?"ன்னாரு. "பயந்துதாங்க"ன்னேன். வேற என்னா சொல்றது?

யாரும் சிரிக்கலை. தமிழினி மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு, "மிச்சத்தையும் சொல்லுங்க ஐயா"ன்னுது. நாப்பதையும் சொன்னேன். தலை காலியாயிடுச்சு, செருப்பை மாட்டலாம்னு எழுந்தேன். "மயிலு கழுத்து உடையாம அச்சுலேர்ந்து எப்படிய்யா எடுக்கறது?"ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. மழை நாள்ல எவ்வளவு நேரம் விடணும், வெயில் நாள்ல எவ்வளவு, எந்தப் பக்கம் முதல்ல தட்டணும்னு சொன்னேன். அதை எழுத இதுல எடமே இல்லையேன்னு முழிச்சிட்டு, புதுசா ஒரு கட்டம் போட்டுச்சு. ஒவ்வொரு அச்சுக்கும் அந்தக் கட்டத்தை நிரப்பணுமாம், நான்தான் நிரப்பணுமாம், நானே டைப் அடிக்கக் கத்துக்கணுமாம். இன்னியோட மூணு அச்சு முடிஞ்சிருக்குது. அதனால எனக்கு வேலை பார்க்க வேண்டாம் மாமா, லாரிக்காரங்ககிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

மணி அஞ்சரை ஆச்சு. தமிழினி பஸ்ஸுக்குப் போயிட்டுது, போகும்போது வாசல்ல யார்கிட்டயோ "ரூமை மூடிடுங்க"ன்னு சொன்னது காதுல விழுந்துது. கொஞ்ச நேரமா வெளியில செங்கல் அடுக்கற மாதிரி சத்தம் கேக்குது. என் செருப்பு வெளியதான் கெடக்குது, அந்தப் பாவி பழமலை அதைப் பார்த்தானா இல்லை சாக்கைப் போட்டு மூடிட்டானான்னு தெரியலை. மீதியை வெளிய வந்து